அட்டையில் எழுதிய 9.1

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்த நான்காம் மாதம், கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மிட்வைப் மிஸ்ஸி (குடும்ப நல மாது) அட்டையில் ஹீமோகுளோபின் 9.1 என்று எழுதினார். வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு 11க்குக் கீழே போனாலே இரத்தக் குறைவுதான் என்றார். எனக்கு உடனே மூத்தவளின் நினைவு வந்தது. அவள் பிறந்தபோது 2 கிலோ 100 கிராம்தான் இருந்தாள். இன்றைக்கும் வகுப்பில் அவள்தான் குட்டை. 2016 கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த 100 பிள்ளைகளில் 17 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் 100க்கு ஏறக்குறைய 32 பேர்.

நாங்கள் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம். நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறேன். வீட்டுக்காரர் நாங்கள் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்ட வரிசை வீடுகளுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் லீக்ஸ், கரட், பீட்ரூட் போடுகிறார். மிஸ்ஸி என்னைத் திட்டவில்லை. "நேத்து விடிஞ்சதிலிருந்து என்ன சாப்பிட்ட, சொல்லு" என்று கேட்டு ஒவ்வொன்றாக எழுதினார். விடியற்காலை பிளேன்டீ. பிறகு கோதுமை மா ரொட்டியும் சம்பலும். கொழுந்து மலைக்குக் கொண்டுபோனதும் அதே ரொட்டிதான், கூடவே ஒரு போத்தல் தேத்தண்ணி. ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய சோறும் பருப்புத் தண்ணியும். விளைந்த மரக்கறி மூட்டையாக லொறியில் ஏறிவிடும். உரக் கடன் இருக்கும்போது வீட்டுக்கென்று எடுத்து வைக்க யாருக்கும் மனம் வராது.

"இரும்புக் குளிசை?"

"போடுறேன் மிஸ்ஸி. தேத்தண்ணியோடதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தேயிலையில் இருக்கும் துவர்ப்பு, இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம். கல்சியம் குளிசையையும் இரும்புக் குளிசையோடு சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தேன், அதுவும் பிழை. மூத்தவள் வயிற்றில் இருந்தபோதும் இப்படியேதான் விழுங்கினேன். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அழுகையாக வந்தது.

அதிலிருந்து இரும்புக் குளிசையும் விற்றமின் சி குளிசையும் ராத்திரி படுக்கப் போகும்போது, கல்சியம் பகல் சாப்பாட்டோடு. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி கிடையாது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகிற குளிரில் அந்தச் சூடு இல்லாமல் இருப்பது லேசில்லை. முதல் வாரம் முழுக்கத் தலைவலி.

அதைவிடக் கஷ்டமாக இருந்தது சாப்பாட்டு விஷயம். கிளினிக்கில் எனக்குத் தரும் திரிபோஷா என்ற சத்து மா மாதத்துக்கு 750 கிராம் பக்கெட் இரண்டு. நாளுக்கு 50 கிராம் என்று கணக்குப் பண்ணித்தான் தருகிறார்கள். எங்கள் வீட்டில் அதை ஆறு பேருக்கும் உருட்டுவோம், ஒரு கிழமையில் முடிந்துவிடும். மூத்தவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் எப்படித் தின்பது? மிஸ்ஸி லயத்துக்கே வந்து மாமியிடம் பேசினார்.

"புள்ள பெருத்துட்டா பெத்தெடுக்கிறது கஷ்டம் மிஸ்ஸி. அதான் கம்மியா சாப்பிடச் சொல்றேன்" என்றார் மாமி. எனக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் அப்படிச் சொல்லி வந்திருக்கிறார். எனக்கு அதுவரை தெரியாது. மிஸ்ஸி மூத்தவளின் வளர்ச்சி அட்டையை விரித்து, கீழேயே ஓடும் அவளுடைய வளர்ச்சிக் கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். மாமி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து எனக்குத்தான் முதல் தட்டு. பருப்பைத் தண்ணியாக்காமல் கெட்டியாகக் கடைந்து, இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிவார். கிழமையில் மூன்று நாள் முட்டை, மற்ற நாளில் நெத்தலி, சம்பளம் வந்தால் கோழி ஈரல். வீட்டுக்காரர் மூட்டை கட்டுவதற்கு முன் எங்களுக்கென்று ஒரு கூடை எடுத்து வைக்கத் தொடங்கினார். திரிபோஷா வராத மாதத்தில் மாமி சோளத்தையும் பயறையும் வறுத்து இடித்துத் தந்தார்.

நான்கு கிழமைக்குப் பிறகு 9.9. எட்டாம் மாதத்தில் 10.8. 11ஐத் தொடவில்லை. மகன் 2 கிலோ 750 கிராமில் பிறந்தான்.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் கொடுத்தேன். வேலைக்குத் திரும்பியதும், ஒரு வயது வரைக்கும் நாளுக்கு இரண்டு தரம் பால் கொடுக்கப் போகச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டேன், நீங்களும் தயங்காமல் கேளுங்கள். இப்போது அவனுக்கு ஏழு மாதம். மூத்தவளுக்கு இந்த வயதில் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுத்தோம். இவனுக்கு மாமி சோற்றையும் பருப்பையும் குழைத்து, நெத்தலித் தூளும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் சேர்த்து ஊட்டுகிறார். கரண்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார். வழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் வாய்க்குப் போகும்.