பெயர் எழுதி முடிக்கும் வரை

காப்பகத்தில் ஒரு நாயோ பூனையோ இறந்தால் துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. கூண்டைக் கழுவி அடுத்த உயிரை ஏற்றும் அவசரம்தான் முதலில் வந்து நிற்கும். மரியாதை என்றதும் பூவும் விளக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது இறந்தபின் வரும் முதல் ஒரு மணி நேர வேலைக்குள்தான் இருக்கிறது.

மூச்சு நின்றதை மட்டும் பார்த்துத் துணி போர்த்திவிடக் கூடாது. குளிரில் ஒடுங்கிய குட்டிகளின் நாடி கைக்கு எட்டாத அளவு மெலிந்துவிடும். இடது முழங்கைக்குப் பின்னால், மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு முழு நிமிடமாவது கேட்க வேண்டும். கருவிழியை ஈரப் பஞ்சால் தொட்டால் இமை அசையக் கூடாது. கருணைக்கொலை ஊசிக்குப் பிறகு சில விலங்குகள் ஓரிரு முறை வாய் திறந்து காற்றை இழுக்கும், தசை துடிக்கும். நினைவு போனபின் நிகழும் அனிச்சை அது, வலி அல்ல. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், அந்த மூச்சு பல இரவுகள் அவர்களைத் தூங்கவிடாது.

சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும், வெப்பமான நாட்களில் இன்னும் சீக்கிரம். அதற்குள் கால்களை மடக்கி, தூக்கத்தில் சுருண்டிருப்பதுபோல் கிடத்திவிட வேண்டும். நீட்டிய காலோடு விறைத்துப்போன உடலைப் பெட்டிக்குள் அழுத்தும் நிலை வரவே கூடாது. இமைகள் மூடினாலும் திறந்துகொள்ளும். திரும்பத் திரும்ப மூடிப் பார்த்துத் தவிக்க வேண்டாம், துணியின் மடிப்பொன்றை முகத்தின்மேல் இறக்கினால் போதும். தூக்கும்போது சிறுநீரும் மலமும் கசியும் என்பதால் அடியில் உறிஞ்சும் விரிப்பு தேவை. ஊசிக்குழாயையும் கட்டுகளையும் அகற்றி, வாயோரம் துடைத்து, பழைய போர்வையில் சுற்றியபின்தான் கசியாத பை. குப்பைப் பையில் நேரே போடுவதைப் பார்க்கும் பணியாளர், உயிரோடிருக்கும் விலங்கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருளாகப் பார்க்கப் பழகிவிடுகிறார்.

சுற்றுவதற்கு முன், உரிமையாளரைக் கண்டறியத் தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சிப்பைப் படிக்கும் மைக்ரோசிப் ஸ்கேனரை மறுபடி ஓட்டுங்கள். தோள்களுக்கு நடுவே வைத்த சிப் முன்னங்கால் வரை நகர்ந்திருக்கலாம். காணாமல்போன விலங்குகளின் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எங்கோ ஒரு வீடு இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம்.

கூட இருந்த விலங்கு இறந்த உடலை முகர்ந்து பார்க்க விடுவது நல்லது. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்று என்றால் விடவே கூடாது. பார்வோ கிருமி மாதக்கணக்கில் தரையில் தங்கும். சோப்பால் தேய்த்துக் கழுவியபின் 32 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு பிளீச் கலந்து, 10 நிமிடம் ஈரமாகவே வைக்க வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றிய பிளீச் பலன் தராது. வெறிநோய்ச் சந்தேகம் இருந்தால் உடலைத் திறக்காமல், உறையவைக்காமல், குளிர்ச்சியில் வைத்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், மூளையில்தான் பரிசோதனை.

கருணைக்கொலை ஊசியில் போட்ட பென்டோபார்பிட்டல் மருந்து உடலிலேயே தங்கிவிடும். ஆழமின்றிப் புதைத்தால், தோண்டித் தின்னும் நாயும் கழுகும் சாகும். எரியூட்டுவதே பாதுகாப்பு. பல உடல்களைச் சேர்த்து எரித்திருந்தால், ஒரு பிடி சாம்பலை 'இதுதான் உங்கள் செல்லம்' என்று யாரிடமும் கொடுக்கக் கூடாது.

கடைசியாகப் பதிவேடு. வந்த நாள், கண்டெடுத்த இடம், எதைக் கண்டால் வாலாட்டியது, கடைசியில் அருகில் இருந்தவர் யார். பெயரில்லாமல் வந்திருந்தால் உயிர் இருக்கும்போதே ஒன்று வைத்துவிட வேண்டும், பிறந்து மூன்று மணி நேரமே வாழ்ந்த குட்டிக்கும்தான். கொண்டுவந்து சேர்த்தவரையும் தெருவில் சோறு வைத்தவரையும் அழைத்துச் சொல்ல வேண்டும். 'காரணம்' என்ற கட்டத்தில் உண்மையை எழுதுங்கள். இடமில்லாததால் ஊசி போட்டிருந்தால், 'நோய்' என்று எழுதாமல் 'இடமில்லை' என்றே எழுதுங்கள்.