நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

நம் பள்ளிக்கூடத்தில் படித்த யாரைக் கேட்டாலும் மட்டக்களப்பு வாவியைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கும். பறுவ (பௌர்ணமி) இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியில் காதை வைத்து மீன் பாடுகிறதா என்று கேட்பது அதில் முதலாவது. பாடுமீனைப் பற்றி எத்தனையோ மலர்களில் எழுதியாயிற்று. கரையில் நின்ற மரங்களுக்குத்தான் யாரும் பக்கம் ஒதுக்கவில்லை. "தில்லையில் கை வையாதே, பால் கண்ணில் பட்டால் பார்வை போகும்" என்ற அதட்டல் பலருக்கும் நினைவிருக்கும். நீட்டுக் கண்டல் காயை ஈட்டிபோல எறிந்து, யாருடையது சேற்றில் குத்திட்டு நிற்கிறது என்று பார்த்த விளையாட்டும் நினைவிருக்கும். கண்டல் நடுகையின், அதாவது உப்புச் சேற்றில் வளரும் இந்தக் கரைமரங்களை நடுவதன், பாதி அந்த விளையாட்டுத்தான். மற்றப் பாதியில்தான் எல்லோரும் தோற்கிறார்கள்.

இப்போது வெளிநாடுகளில் உள்ள நம் ஊர்ச் சங்கங்கள் பலவும் வாவிக்கரையில் கண்டல் நடக் காசு அனுப்ப விரும்புகின்றன. நல்ல எண்ணம். ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நடந்த கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஒரு கணக்கைப் பாருங்கள். 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில், தப்பி நின்றது 200 முதல் 220 ஹெக்டேயர். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. காரணம் புயலோ வெள்ளமோ அல்ல. பெரும்பாலும் பிழையான மட்டத்தில் நட்டார்கள், நட்டபின் யாரும் திரும்பிப் போகவில்லை, மாடு தின்றது.

மட்டம் என்பதுதான் இதில் உயிர். கண்டலின் வேர் மூச்சுவிட வேண்டும். தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில்தான் அது நிற்கும். நம் வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். கடலோடு சேர்வது பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் மட்டுமே. அதனால் இங்கே கடலின் வற்றுப் பெருக்கைவிட மாரிமழைதான் நீர்மட்டத்தை ஆளுகிறது. முகத்துவாரம் மண்ணால் அடைபட்டிருந்தால் கரை வாரக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். வெட்டிவிட்டால் ஓரிரு நாளில் அடிகணக்கில் இறங்கும். மூழ்கிய நிலத்தைக் கண்டு "தண்ணீர் இருக்கிறது, நல்ல இடம்" என்று நட்டவர்களும், வற்றிய சேற்றைக் கண்டு "வெட்டவெளி, நல்ல இடம்" என்று நட்டவர்களும் ஒன்றாகவே தோற்றார்கள். மரம் முன்பு இல்லாத சேற்றுவெளியில் பெரும்பாலும் அது இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கும். பக்கத்தில் தானாக முளைத்து நிற்கும் இளங்கன்றின் அடியில் ஒரு தடியை ஊன்றி, அந்த மட்டத்தை நூல் பிடித்து நடும் இடத்துக்குக் கொண்டு போவதே மலிவான, பிழையாத வழி.

இன்னொன்றையும் முதலில் கேட்க வேண்டும்: அங்கே நடத்தான் வேண்டுமா? கைவிட்ட இறால் பண்ணையின் அணையோ, மதகு வைக்காமல் போட்ட தெருவோ தண்ணீரை மறித்திருந்தால் எத்தனை கன்று வைத்தாலும் வீண். பழைய ஓடை வழியில் அணையை இரண்டு மூன்று இடத்தில் வெட்டித் திறந்து, மாட்டை மறித்தால், காய் தானாக மிதந்து வந்து வேர் பிடிக்கும். அதற்குக் காசு குறைவு. படம் எடுத்துப் போடத்தான் ஒன்றும் இராது.

இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது? மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான், அல்லது நம்மைப்போல விமானம் ஏறுவான். கரையோர வளவில் தலைமுறை தலைமுறையாக நிற்பவள் பெண். அத்தாங்கு என்னும் கைவலையோடு இறால் தேடுபவளுக்கு எந்தத் திட்டு எந்த மாதம் மூழ்கும் என்று தெரியும். இதை வேறு நாடுகளில் நம்மைவிட முன்பே கண்டுகொண்டார்கள். கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு நாற்றுமேடை போடப் பழக்கியது. அதன் நுட்பம் கூலி கொடுத்த விதத்தில் இருந்தது: நட்ட கன்றுக்கல்ல, பிழைத்து நின்ற கன்றுக்கே சிறு தொகை. தொகை சிறிது என்றாலும், தண்ணீர் ஊற்றப் போவதற்கு அது காரணமாயிற்று. 2004இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். இந்தக் கூலி முறை பலருக்குத் தெரியாது. அதே நாட்டின் காசி என்னும் கடற்கரை ஊரில் பெண்கள் கண்டல் காட்டுக்குள் பலகை நடைபாதை அமைத்துப் பயணிகளைக் கூட்டிச் செல்கிறார்கள். அங்கே 117 ஹெக்டேயர் கண்டலைக் காப்பதற்கு 2013 முதல் கரிமக் காசும், அதாவது மரம் கரிமத்தைப் பிடித்து வைப்பதற்கான விலையும், வருகிறது. அது ஊரின் குடிநீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறது. நம் நாட்டிலேயே, சிலாபத்துக்கு அருகே பம்பலையைத் தளமாகக் கொண்ட சுதீச நிறுவனம் 2015இல், நாட்டின் 8,815 ஹெக்டேயர் கண்டலையும் காக்கும் திட்டத்தில் 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் என்று இறங்கியது. கடனுக்கு நிபந்தனை, உன் ஊர்க் கண்டலை வெட்டாதே, வெட்டவும் விடாதே என்பது.

இனி வேலை. ஒரு ஏக்கருக்கு, மீற்றருக்கு ஒன்று என்று வைத்தால் ஏறத்தாழ 4,000 கன்று வேண்டும். நாற்றுமேடையில் 5,000 பை போட வேண்டும். ஐந்தில் ஒன்று போகும் என்று முதலிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

நீட்டுக் காய்க் கண்டலின் காயை மரத்திலிருந்து பிடுங்கக் கூடாது. முற்றியதைத் தலைப்பக்கத்து வளையம் காட்டும்: பச்சை மாறி மஞ்சளாக இருந்தால், தொட்டவுடன் கழன்று வரும். அன்றன்று விழுந்ததையும் பொறுக்கலாம். ஊசித் துளை உள்ள காய் வண்டு துளைத்தது, எறிந்துவிட வேண்டும். வளைந்ததும் நுனி ஒடிந்ததும் ஆகாது. பொறுக்கியதை ஈரச் சாக்கால் மூடி நிழலில் சில நாள் கிடத்தலாம். வெயிலில் ஒரு பகல் கிடந்தால் முடிந்தது.

பைக்குப் பாதி வாவிச் சேறு, பாதி மணல். வெறும் சேறு காய்ந்தால் கல்லாகும். வெறும் மணல் என்றால் பையைக் கிழிக்கும்போது வேரை விட்டு உதிர்ந்துவிடும். பையின் அடியில் நாலைந்து துளை. காயின் கூர்ப்பக்கம் கீழே, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புதையக் கூடாது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் தலைகீழாகக் குத்துவது உண்டு, சிரிக்க வேண்டாம், காட்டிக் கொடுங்கள். இன்னொரு கண்டல் வகையான கண்ணா மரத்து விதைக்கு வேறு முறை: ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தால் மேல்தோல் கழலும், அதன்பின் சேற்றின்மேல் மெல்ல அழுத்தி வைத்தால் போதும், புதைத்தால் அழுகும்.

மேலே கிடுகுப் பந்தல், பாதி வெயில் விழும்படி. காலை மாலை வாவித் தண்ணீர். கோடையில் உப்பு ஏறினால் கிணற்று நீர் கலந்து ஊற்ற வேண்டும். நான்கு மாதத்தில் நான்கு முதல் ஆறு இலை வரும். கடைசி மாதம் கிடுகைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கன்றை வெயிலுக்குப் பழக்காவிட்டால், நட்ட ஒரு கிழமையில் இலை கருகும். மேடையை மாரி வெள்ளம் ஏறாத மேட்டில் போடுங்கள். மார்கழியில் மொத்தப் பையும் மிதந்து போன மேடைகள் உண்டு.

நடும்போது பையைக் கிழித்து எடுங்கள். பையோடு புதைப்பது வேகமாக முடியும், வேர் உள்ளேயே சுருண்டு இரண்டாம் வருடம் சாயும். கரையோர வரிசைக்கு நீட்டுக் காய்க் கண்டல், உள்ளே உயரும் நிலத்துக்குக் கண்ணாவும் தில்லையும். காய் பெரிது, கைக்கு எளிது என்று எல்லா இடமும் அந்தக் கண்டலையே குத்துவது பழைய பிழை. தோணி வந்து அடையும் வழியையும் வலை இழுக்கும் துறையையும் விட்டு நடாவிட்டால், மீனவர் பிடுங்குவது நியாயம்தான். வாவிக்கரை அரச நிலம் என்பதால் பிரதேச செயலகத்திலும் வன இலாகாவிலும் எழுத்தில் அனுமதி எடுத்த பிறகே மேடை போடுவது.

முதல் ஆறு மாதம் கிழமைக்கு ஒரு தடவை ஒருவர் நடந்து பார்த்தே ஆக வேண்டும். தண்டில் சுற்றிய பாசி, ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை), கடைப் பொலித்தீன் பை மூன்றும் சிறு காற்றிலும் கன்றைச் சாய்த்துவிடும். நண்டு கடித்த இடத்தில் மறு கன்று வைக்க வேண்டும். எண்ணுவது சுலபம்: நடும் அன்றே 10 மீற்றருக்கு 10 மீற்றர் சதுரமாக ஐந்து இடத்தில் நான்கு மூலைக்கும் தடி ஊன்றிவிடுங்கள். ஒரு சதுரத்தில் 100 கன்று இருக்கும், நிற்பதை எண்ணினால் அதுவே சதவீதம். கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல இடமில்லை.

எனவே நம் சங்கம் காசை ஒரே தவணையில் அனுப்பக் கூடாது என்பது என் கருத்து. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு மேடைக்கு ஒரு பங்கு, நடுகைக்கு ஒரு பங்கு, மீதி 6, 12, 24 மாத எண்ணிக்கைகளின் பின் நின்ற கன்றுக்கு இவ்வளவு என்று. நடந்து பார்ப்பவருக்கு மாதக் கூலி தனி. அதை "தன்னார்வம்" என்று எழுதி மிச்சம் பிடிக்க வேண்டாம். வெள்ளம் வடிந்து மாசியில் நடுவதென்றால் புரட்டாசி முடியுமுன் பைகள் நிரம்ப வேண்டும், காய் பொறுக்கும் பெண்களோடு ஆவணியில் பேசியிருக்க வேண்டும். உப்பு மண்ணில் வேலிக்கு ஊன்றும் கதியால் துளிர்க்காது. ஆகவே முதற் பங்கிலேயே மாடு மறிக்கக் கம்பிக்கும் கட்டைக்கும் ஒதுக்கிவிடுங்கள்.