ஒரு மீட்டர் சட்டமும் இரண்டு வாரமும்

உயிரியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டு முடிவில் இரண்டு வாரக் கள ஆய்வுப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன். விண்ணப்பத்தில் "என்ன கேள்வியோடு வருகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். "காட்டின் பல்லுயிர் வளத்தை அறிய விரும்புகிறேன்" என்று எழுதினேன். அது கேள்வியே இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆசிரியர் சுருக்கச் சுருக்க, "காட்டின் ஓரத்தைவிட உள்ளே மரக்கன்றுகள் அதிகமா?" என்பதில் வந்து நின்றது. சரி, இதை இரண்டு வாரத்தில் எண்ணி முடிக்கலாம்.

ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை, அதாவது குவாட்ரட்டை, தரையில் வைத்து உள்ளே இருக்கும் கன்றுகளை எண்ண வேண்டும். முதல் நாள் கன்றுகள் தெரிந்த இடமாகப் பார்த்தே என் கை சட்டத்தை வைத்தது. மாலையில் தாளைப் பார்த்த ஆசிரியர், "ஒரு சட்டத்தில்கூட பூஜ்யம் இல்லையே?" என்றார். அன்றைய எண்ணிக்கை முழுவதையும் ஒதுக்கினோம். மறுநாளிலிருந்து, குலுக்கலில் வந்த எண்படி அளந்த இடத்தில் வெறுந்தரை இருந்தாலும் சட்டம் அங்கேதான். எதுவும் இல்லையென்றால் 0 என்று எழுத வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால், கன்று இல்லையா, நாம் எண்ண மறந்தோமா என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

அதைவிடப் பெரிய தவறு ஐந்தாம் நாள் வெளிப்பட்டது. 40 சட்டங்களை ஒரே ஓரத்திலும் 40 சட்டங்களை அதையொட்டிய உட்பகுதியிலும் வைத்திருந்தோம். 80 தரவுகள் கையில் இருந்தும் நாங்கள் ஒப்பிட்டது ஓர் ஓரத்தையும் ஓர் உட்பகுதியையும் மட்டுமே. ஒரே இடத்தில் பலமுறை எண்ணியதைத் தனித்தனிச் சான்றுகளாகக் கொள்வது இது. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் 'சூடோரெப்ளிகேஷன்' என்று பெயரிட்டு எச்சரித்தது இதைத்தான். வகுப்பில் படித்து, தேர்விலும் எழுதியிருந்தேன். சொந்தத் தாளில் பார்த்தபோதுதான் உறைத்தது. மீதி நாட்களில் தள்ளித்தள்ளி இன்னும் மூன்று இடங்களைத் தேர்ந்தோம்.

குறிப்பெல்லாம் பென்சிலில்தான், மழையில் மை கரைந்துவிடும்.

கடைசியில் இரண்டு இடங்களில் ஓரத்திலும் இரண்டு இடங்களில் உள்ளேயும் கன்றுகள் கூடுதல். "வேறுபாடு இருப்பதாகச் சொல்ல இந்தத் தரவு போதாது" என்று அறிக்கை எழுதினோம். அந்த வாக்கியத்தை எழுதும் துணிவு எனக்கு ஆய்வகப் பாடங்களில் வந்ததில்லை. அங்கே விடை முன்பே தெரியும்.

இப்படியொரு பாடத்தில் சேர நினைத்தால், சொந்த ஆய்வுக்கு எத்தனை நாள் தருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மூன்று நாளுக்குக் குறைவென்றால், தவறு செய்து திருத்த நேரம் இருக்காது.