மயங்கி விழுந்தவங்களுக்கு இன்சுலினா?

நேத்து ராத்திரி அம்மா பார்த்துட்டு இருந்த சீரியல்ல ஒரு சீன். விசேஷ வீட்ல சுகர் இருக்குற பெரியவர் ஒரு லட்டை எடுத்து வாயில போடுறார், ரெண்டே நிமிஷத்துல கண்ணு சொருகி கீழ விழுறார், மருமக ஓடிப்போய் இன்சுலின் ஊசியை எடுத்துட்டு வந்து கையில குத்துறா, உடனே அவர் கண்ணு முழிச்சு எந்திரிச்சு உக்காருறார். அம்மா ஒண்ணும் சொல்லாம டிவியை ஆஃப் பண்ணிட்டாங்க. ஏன்னு எனக்குத் தெரியும்.

என் தம்பிக்கு ஒன்பது வயசுல டைப் 1 சுகர்னு, அதாவது உடம்பே இன்சுலினைச் சுரக்காம போற வகைன்னு கண்டுபிடிச்சாங்க. அவன் ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒரு சாயங்காலம் கிரிக்கெட் ஆடிட்டு வந்தவன் வாசப்படியில உக்காந்து உளற ஆரம்பிச்சான். சட்டையெல்லாம் வேர்வை, கை நடுங்குது, பேரைக் கேட்டா வேற எதையோ சொல்றான். வீட்ல நான் மட்டும்தான். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "சுகர் ஏறிடுச்சுடி, இன்சுலின் போடு, டிவில அப்படித்தான போடுவாங்க"ன்னு ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்தைக் கையில எடுத்துட்டாங்க. அவங்க மேல எனக்குத் துளிகூட கோபம் இல்ல, அவனைத் தூக்கி வளர்த்தவங்க, பதட்டத்துல தெரிஞ்சதைச் செஞ்சாங்க. நான் விரல்ல குத்தி மெஷின்ல பார்த்தேன், 41.

இன்சுலின் சுகரைக் குறைக்குற மருந்து. 70க்குக் கீழ போனாலே லோ, 41ல இருக்குறவனுக்கு அதைப் போட்டா மூளைக்குப் போற கொஞ்ச நஞ்ச குளுக்கோஸும் போயிடும், ஃபிட்ஸ் வரும், கோமா வரும், உயிரே போகலாம். அன்னைக்கு அவனுக்கு முழுங்குற அளவுக்கு நினைவு இருந்துச்சு, அதனால மூணு ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணில கலக்கிக் குடிக்க வெச்சேன், 15 நிமிஷம் கழிச்சுப் பார்த்தா 63, மறுபடி குடுத்தேன், அப்புறம்தான் 96 வந்துச்சு, என்னைப் பார்த்து "ஏன்க்கா அழற"ன்னு கேட்டான். அதுக்கப்புறம் இட்லி குடுத்து சாப்பிட வெச்சேன்.

ஒரு லட்டு சாப்பிட்டா சுகர் ஏறும், ஆனா ஏறுன உடனே யாரும் இப்படி மயங்கி விழமாட்டாங்க. சுகர் ஏறி ஆபத்தாகுறது எப்படின்னு எங்க வீட்ல கண்ணால பார்த்தோம். தம்பிக்கு முதல்ல தெரிய வந்ததே அப்படித்தான், ரெண்டு நாளா தண்ணி தண்ணின்னு கேட்டான், அடிக்கடி ஒண்ணுக்குப் போனான், அப்புறம் வயித்து வலி, வாந்தி, நாங்க ஏதோ சாப்பாடு ஒத்துக்கலன்னு நினைச்சோம். மூச்சு ஆழமா வேகமா வாங்க ஆரம்பிச்சதும்தான் தூக்கிட்டு ஓடினோம், வாயில பழம் அழுகுன மாதிரி ஒரு வாசனை. இன்சுலின் இல்லாம உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வர்ற கீட்டோன்ங்கிற பொருள் சேர்ந்து ரத்தம் அமிலமாகிடுச்சுன்னு டாக்டர் சொன்னாங்க. அதுக்கான வைத்தியமும் ஒரு ஊசியில முடியுற விஷயம் இல்ல, முதல்ல சலைன் ஏத்தி, அப்புறம் இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமா டிரிப்லயே விட்டு, மணிக்கு மணி சுகர் பார்த்து, கூடவே பொட்டாசியமும் பார்த்துட்டே இருந்தாங்க, ஏன்னா இன்சுலின் போகப் போக ரத்தத்துல பொட்டாசியம் இறங்கும், அது இதயத்தைப் பாதிக்கும். மூணு நாள் ஐசியூ.

தோலுக்கு அடியில போடுற இன்சுலின், சீக்கிரம் வேலை செய்யுற ரகமா இருந்தாக்கூட ஆரம்பிக்கவே 10, 15 நிமிஷம் ஆகும். ஆனா ஒண்ணு, சீரியல்ல வர்ற மாதிரி சட்டுனு கண்ணு முழிக்குறது நிஜத்துலயும் நடக்கும், லோவுல மயங்கிக் கிடக்குறவங்களுக்கு நரம்புல டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் ஏத்தும்போது. சீன் சரி, மருந்துதான் நேர் எதிரா இருக்கு.

இன்னொண்ணும் காட்டுறாங்க, மயங்கிக் கிடக்குறவர் வாயில சோடாவோ ஜூஸோ ஊத்துறது. தயவுசெஞ்சு வேணாம், நினைவு இல்லாதவங்களுக்கு அது நுரையீரலுக்குள்ள போயிடும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108க்கு ஃபோன் பண்ணுங்க, வீட்ல குளுக்ககான்னு சுகரை ஏத்துற ஊசி இருந்து போடவும் தெரிஞ்சா அதைப் போடலாம்.

மாத்திரை மட்டும் போடுற தாத்தா பாட்டிங்களுக்கும் லோ வரும். கிளிமிப்ரைடு மாதிரி மாத்திரைன்னா ஒரு தடவை சரியாகி எந்திரிச்ச பிறகும் சில மணி நேரத்துல திரும்ப இறங்கலாம், தனியா விடாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அகார்போஸ், வோக்லிபோஸ்னு சுகர் மாத்திரை இருக்கு, அது சாப்பிடுறதுல இருக்குற சர்க்கரை உடையுறதைத் தாமதமாக்கும், அதைச் சாப்பிடுறவங்களுக்கு லோ வந்தா சீனி குடுத்தாலும் லேட்டாத்தான் வேலை செய்யும், அவங்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் வேணும், ஒரு பாக்கெட் வாங்கி வெச்சுக்கோங்க.

சீரியலுக்குக் கதை எழுதுறவங்க யாராவது இதைப் படிச்சா ஒண்ணு கேக்குறேன். அந்த மருமக ஓடட்டும், ஆனா ஃப்ரிட்ஜுக்கு இல்ல, மெஷினை எடுக்க ஓடட்டும், அவர் விரல்ல குத்தி நம்பரைப் பார்க்குறதை ஒரு தடவை குளோசப்ல காட்டுங்க. எங்க பக்கத்து வீட்டு அக்கா எல்லா சீரியலும் பார்ப்பாங்க.