தரங்கம்பாடி ரயில் ஒருவழியாகக் கரையேறியது

மூன்று வாரமாக வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்த மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயில் நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கரையேறிவிட்டது. என் கணினித் திரையில்தான். எப்போதோ மூடிப்போன அந்தப் பாதையைப் பழைய வரைபடத்திலிருந்து இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திக்கொண்டிருக்கிறேன். பழைய வரைபடத்துப் பாதையும் செயற்கைக்கோள் படத்தில் தெரியும் மண்கரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததைப் பார்த்தபோது வீட்டில் இருப்பவர்களை எழுப்பிக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது. போன வாரம் ஒருமுறை அப்படி எழுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்ததால் விட்டுவிட்டேன்.

பாதையைப் பற்றிச் சுருக்கமாக: மீட்டர்கேஜ் கிளை, சுமார் 30 கிலோமீட்டர். 1926-ல் திறந்து 1986-ல் மூடினார்கள். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று போய்த் தரங்கம்பாடியில் முடியும். தரங்கம்பாடி என்றாலே 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையையும் பாதிரியார் சீகன்பால்குவையும்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். டேனிஷ்காரர்கள் 1845-ல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய், அதற்கு 81 வருஷம் கழித்து வந்தது ரயில். அறுபது வருஷம் ஓடிய அந்த ரயிலுக்குக் கோட்டைக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். தரங்கம்பாடி ஸ்டேஷன் வளாகம் எந்த இடத்தில், எந்தத் திசையில் படுத்திருந்தது என்று வரைந்துவிட வேண்டும். வேறு ஆசை இல்லை.

கையில் இருப்பது ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் அளவுள்ள சர்வே தாளின் ஸ்கேன். தாள் எண் 58 எம்/16. செம்பனார்கோவில் வரை 58 எம்/12. அதைத் தாண்டியதும் தாள் மாறிவிடும். முக்கியமான பகுதி 16-ல் இருப்பதால் அதை முதலில் எடுத்தேன்.

இனி புலம்பல். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, கண்ணுக்குத் தெரிந்த அடையாளங்களையெல்லாம் கண்ட்ரோல் பாயிண்டாக, அதாவது தாளிலும் தரையிலும் ஒரே இடம் என்று பொருத்தும் புள்ளியாக, குத்தினேன். திருக்கடையூர்க் கோயில், கோட்டை, சில சாலைச் சந்திப்புகள், அப்புறம் புத்திசாலித்தனமாகக் கடற்கரை வளைவில் இரண்டு. கடற்கரையைக் குத்தியவனை என்ன சொல்வது! மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியையே கடல் கொண்டுபோன ஊர் அது. வரைபடத்தில் உள்ள கரை இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. கடலை நம்பி நான் நிலத்தை இழுத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தப்பு, தாளைத் தரையோடு பொருத்த தின் பிளேட் ஸ்ப்ளைன் என்ற கணக்கு முறையைத் தேர்ந்தெடுத்தது. அதில் பிழை எண் எல்லாப் புள்ளிக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று காட்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை, வீட்டாரை எழுப்பியது அன்றைக்குத்தான். குத்திய புள்ளிகளில் மட்டும் தாளைப் பிடித்து ஆணி அடித்துவிட்டு, நடுவில் ரப்பர் மாதிரி இழுத்துவிடும் முறை அது. புள்ளியில் பிழை தெரியாது, இரண்டு புள்ளிக்கு நடுவே ரயில் குளத்தில் இறங்கும். பழைய தாள்களுக்கு, தாளை ஒரே சீராக நகர்த்தி, திருப்பி, நீட்ட மட்டும் செய்யும் முதல் படிப் பல்லுறுப்புக்கோவையே போதும். பிழை இருந்தால் இருக்கிறது என்று அது முகத்துக்கு நேரே சொல்லும்.

அதற்கு மாறியதும் சொன்னது. தாளின் கிழக்குப் பாதியில் ஒரு தாவல். காரணம் துணி. பழைய தாள்களை மடிப்பதற்காகத் துண்டு துண்டாக வெட்டித் துணியில் ஒட்டியிருப்பார்கள், துண்டுகளுக்கு நடுவே துணி இடைவெளி தெரியும். என் ஸ்கேனில் அது 2 மில்லிமீட்டர். இந்த அளவில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். ஆக ஒவ்வொரு மடிப்பிலும் இல்லாத நிலம் 126 மீட்டர் முளைத்திருக்கிறது! கிம்ப் என்ற பட மென்பொருளில் துண்டுகளைத் தனித்தனியாக வெட்டி இடைவெளியை மூடி ஒட்டினேன், இரண்டு ராத்திரி போயிற்று. பிறகு கோயில், சாலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஐந்து நிமிட இடைவெளியில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகைச் சந்திப்புகளை மட்டும் குத்தினேன். பதினாறு புள்ளி. அழகாக உட்கார்ந்தது.

ஆனால் பாதை மொத்தமும் தென்கிழக்கே இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளி வயலில் கிடந்தது. ஒரே சீராக, எல்லா இடத்திலும். சீரான பிழை நல்ல சகுனம் என்று தெரிந்தும் ஒரு வாரம் தலையை முட்டிக்கொண்டேன். தாளில் உள்ள 79°50' வேறு, இப்போது செல்போன் காட்டும் 79°50' வேறு என்பது உறைக்கவே இல்லை. இந்தத் தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கில், மத்திய இந்தியாவின் கலியான்பூரை மூலமாக வைத்துக் கணக்கிட்டவை. நான் அந்த எண்களை அப்படியே, செல்போன் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அமைப்பின் எண்கள் என்று கொடுத்திருக்கிறேன். மூல அமைப்பைக் கலியான்பூர் 1975 என்று மாற்றி, ஒரு அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை மீட்டர் நகர்த்த வேண்டும் என்று சொல்லும் 295, 736, 257 என்ற மூன்று நகர்வு எண்களையும் கையாலேயே கொடுத்தேன். ஒரே சொடுக்கு. ரயில் கரையேறிவிட்டது.

இந்த அளவீட்டு வேலையெல்லாம் தொடங்கியதே நம் பக்கத்தில்தான். சர்வேயர் லாம்டன் 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே, மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான அடிக்கோட்டை அளந்தார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேலே ஏற்றும்போது கோணம் அளக்கும் அவருடைய அரை டன் தியோடலைட் மோதி நசுங்கியது. அதை நினைத்தால் என் மூன்று வாரம் ஒன்றுமே இல்லை.

இப்போது கரை எப்படித் தெரிகிறது என்றால், டெல்டாவில் வரப்புகள் கட்டம் கட்டமாக இருக்க, ஒரு கோடு மட்டும் யாரையும் மதிக்காமல் குறுக்கே பெரிய வளைவாகப் போகிறது. அதன் இருபுறமும் வயல்கள் முக்கோணமாக வெட்டுப்பட்டிருக்கின்றன. சாலை சட்டென்று திரும்பும், ரயிலுக்கு அது முடியாது. ஆக்கூர் தாண்டி ஓரிடத்தில் அந்தக் கரையை ஒட்டி நீள்சதுரக் குட்டைகள் வரிசையாக இருக்கின்றன. கரை போட மண் எடுத்த குழிகளாகத்தான் இருக்க வேண்டும்.

தரங்கம்பாடி முனைதான் இன்னும் பிடிபடவில்லை. கடைசி ஸ்டேஷன் என்றால் எஞ்சின் கழன்று வண்டியின் மறுபக்கம் வந்து மாட்ட ஒரு சுற்றுத் தடம் வேண்டும், அதனால் ரயில்வே நிலம் அங்கே மீன் வயிறு போல அகலும். அந்த வயிற்றைத் தேடுகிறேன், கட்டடங்களும் புதரும் மறைக்கின்றன. அடுத்து, நிலங்களின் எல்லையைச் சர்வே எண்வாரியாகக் காட்டும் வருவாய்த்துறையின் புலப்படங்களைப் பார்க்கப் போகிறேன். தண்டவாளத்தைப் பிடுங்கினாலும் சர்வே எண் அவ்வளவு சுலபத்தில் போகாது.

இதற்கிடையே பழைய ரயில்வே கால அட்டவணை ஒன்றைப் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் வாங்கினேன். வந்தது. எனக்கு வேண்டிய பக்கம் மட்டும் இல்லை. கேட்டால், "சார், அட்டை நல்லா இருக்குல்ல" என்கிறார். அட்டை நன்றாகத்தான் இருக்கிறது. இனி அவரிடம் அந்தக் கிளையின் கெட்டி அட்டை டிக்கெட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 1982-ல்தான் மாயூரம் மயிலாடுதுறை ஆனது. புதுப் பெயரோடு இந்தக் கிளை ஓடியது நாலு வருஷம்தான், ஆகவே அந்தப் பெயர் அச்சான டிக்கெட் கிடைத்தால் விடமாட்டேன்.

மன்னார்குடிக்கு 2011-லும் அகஸ்தியம்பள்ளிக்கு 2023-லும் ரயில் திரும்பி வந்துவிட்டது. தரங்கம்பாடிக்கு வருவதற்குள் சைக்கிளில் ஒருமுறை கரையோடு போய் வந்துவிட வேண்டும், மழைக்கு முன்னால். அதற்கு மயிலாடுதுறையிலிருந்து வரும் முதல் பகுதியும் வரைந்தாக வேண்டும். நேற்றே ஆர்வத்தில் 58 எம்/12-ஐத் திறந்து பார்த்தேன். அதில் துணி மடிப்பு சரியாகப் பாதையின் மேலேயே விழுந்திருக்கிறது.