அனுப்பாத படம்

"பரிசு என்றால் யாரோ ஒருவர் ஜெயிக்க வேண்டுமே சார். இதில் யார் ஜெயித்தது?" என்று அந்தப் பெண் தொலைபேசியில் கேட்டார். நான் உடனே, "சரிம்மா, அனுப்பவில்லை" என்றேன். அந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதம் எடுத்த படம் அது. மின்மயான வாசலில் தரையில் அமர்ந்து, கைப்பேசியில் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். எங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. ஆண்டு இறுதியில் ஒரு விருதுக்கு விண்ணப்பம் தயாரித்தபோது, பெயரைச் சரிபார்க்கத்தான் அழைத்தேன். அனுமதி கேட்க அழைக்கவில்லை; அதையும் சொல்லிவிட வேண்டும். "பேப்பரில் போட்டது வேறு சார். இங்கே நடப்பது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று பேசாமல் இருந்தேன்" என்றார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

படம் எடுத்த தம்பி மூன்று வாரம் மயானத்திலேயே நின்றவன். வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் மொட்டைமாடி அறையில் தனியாகச் சாப்பிட்டுத் தூங்கினான். "அவர் கேட்டது நியாயம்தான் அண்ணா. என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒருவர் துக்கத்தை அவர் விரும்பாத மேடைக்கு ஏற்றக்கூடாது என்று அன்று உறுதியாக நம்பினேன். 2022 மே 9ஆம் தேதி, பத்திரிகைத் துறைக்கு அமெரிக்காவில் தரும் பெரிய விருதான புலிட்சர் பரிசுகளை அறிவித்தார்கள். நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. இந்தியாவில் கொரோனா ஏற்படுத்திய இழப்பைப் பதிவுசெய்த ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர்கள் அத்னன் அபிதி, சன்னா இர்ஷாத் மட்டூ, அமித் தவே, மறைந்த தானிஷ் சித்திக்கி ஆகியோருக்குப் பரிசு. முந்தைய ஜூலையில்தான் தானிஷ் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டிருந்தார். எங்கள் பத்திரிகையில் அந்தச் செய்திக்குத் தலைப்பு எழுதியவன் நான்தான். மனம் நிறைந்து எழுதினேன். டெல்லியில் வரிசையாக எரிந்த சிதைகளை மேலிருந்து காட்டும் தானிஷின் படம் இல்லையென்றால், அப்படியெல்லாம் நடக்கவில்லை என்பவர்களுக்கு நாளை எதைக் காட்டுவோம்?

அதில் முகம் தெரியவில்லை, எங்கள் படத்தில் தெரிந்தது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் டெல்லி மருத்துவமனையில் ஒரே கட்டிலில் ஆக்சிஜன் முகமூடியுடன் இருந்த இரண்டு நோயாளிகளைப் படமெடுத்தவரும் தானிஷ்தான். அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்ற எண்ணமே தலைப்பு எழுதும்போது எனக்கு வரவில்லை.

இதே புலிட்சரை நாவலுக்கும் நாடகத்துக்கும் இசைக்கும்கூடத் தருகிறார்கள். நாவலில் அழுகிறவள் தொலைபேசியில் வந்து, என்னைக் கேட்டாயா என்று கேட்கமாட்டாள். செய்திப் படத்தில் இருப்பவர் கேட்பார், கேட்க வேண்டும். அதற்காக, அவருக்குப் பதில் சொல்லும் அவசரத்தில், வெயிலிலும் புகையிலும் நின்றவனை மறந்துவிடலாமா? ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். இருவரையும் பேச வைத்திருக்கலாம்.

பரிசு அறிவித்த அன்றிரவு பக்கம் முடிந்ததும் தம்பிக்கு அனுப்பினேன். "தலைப்பு நன்றாக இருக்கிறது அண்ணா" என்று மட்டும் பதில் வந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனம் மாறியிருப்பாரோ என்ற நப்பாசை. அழைக்கவில்லை.