பாடும் மாடும்: உள்ளடக்கிய கல்விப் பயிற்சியில் நான் கற்றது

மதுரை மாவட்டத்தின் மேற்கே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளையும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்வி குறித்த ஐந்து நாள் பயிற்சிக்குச் செல்லுமாறு சுற்றறிக்கை வந்தபோது எனக்கு மகிழ்ச்சி ஏற்படவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை ஏற்கெனவே மூன்று நிலைகளாகப் பிரித்து நடத்திக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம், இன்னும் எத்தனை விதமாகப் பிரிக்கச் சொல்வார்கள் என்ற சலிப்போடுதான் ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினேன்.

முதல் நாள் அந்தச் சலிப்பை நியாயப்படுத்தியது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 ஆக உயர்ந்தன என்பது தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான். ஆனால் அந்த 21 வகைகளையும் திரையில் காட்டி, ஒவ்வொன்றாக வாசித்து, மதிய உணவு வரைக்கும் கொண்டுபோனது வீண் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் வந்த சிறப்பாசிரியர் திரையைப் போடவே இல்லை. எங்களிடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்துவிட்டு, குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பத்துச் சொற்களைச் சொன்னார். நாங்கள் எழுத வேண்டும். நான் ‘மாடு’ என்று எழுதிய இடத்தில் அவர் சொன்னது ‘பாடு’; ‘படம்’ என்று எழுதிய இடத்தில் ‘மடம்’. பக்கத்தில் இருந்த டீச்சருக்கும் ஏறக்குறைய அதே கதிதான். பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பவை என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தவள் நான். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும் என்பதும், காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு அங்கேதான் தடுமாற்றம் என்பதும் அந்த நிமிடம் வரை என் புத்தியில் ஏறவில்லை. ககரமோ தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் தெரிவதே இல்லை.

உடனே என் வகுப்புப் பையன் ஒருவனின் சொல்வதை எழுதுதல் ஏடு நினைவுக்கு வந்தது. கவனக்குறைவு என்று சிவப்பு மையால் நான் எழுதியிருந்த பக்கங்களை ஊருக்குத் திரும்பியதும் எடுத்துப் பார்த்தேன். ‘பழம்’ என்று சொன்னதற்கு ‘மழம்’ என்றும், ‘மணி’ என்று சொன்னதற்கு ‘பணி’ என்றும் எழுதியிருந்தான். கரும்பலகையில் இருந்து பார்த்து எழுதிய பக்கங்களில் ஒரு பிழைகூட இல்லை. அந்த வேறுபாட்டை ஆறு மாதமாகக் கண்முன் வைத்துக்கொண்டு கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

அவனுடைய அப்பத்தாவை அழைத்துப் பேசினேன். “கூப்பிட்டாத் திரும்ப மாட்டான்னு செவிட்டுப் பயலேன்னுதான் வைவோம் டீச்சர், அது நெசமாவே இருக்கும்னு யாரு கண்டா?” என்றார். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே காதில் சீழ் வடிந்ததாகவும், எண்ணெய் காய்ச்சி ஊற்றியதாகவும் சொன்னார். சீழ் வடியும் காதில் எண்ணெய் ஊற்றவே கூடாது என்று மருத்துவர் பின்னர் கண்டிப்பாகச் சொன்னார்.

பரிசோதனைக்கு மூன்று முறை அலைந்தோம். முதல் முறை கருவி பழுது, இரண்டாம் முறை மருத்துவர் விடுப்பு. மூன்றாம் முறை கிடைத்த முடிவு எங்களைக் குழப்பியது. செவித்திறன் குறைந்தவர் என்று சட்டம் வரையறுக்க இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். இவனுக்கு அதற்குக் குறைவு என்பதால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்காது என்றார்கள். ஆனாலும் கடைசி வரிசையில் இருந்து என் பேச்சைப் பிடிக்க முடியாத அளவுக்கு இழப்பு உண்டு. அட்டை வாங்கித் தருவதே என் வேலை என்று எண்ணியிருந்த எனக்கு, அட்டை இல்லாத இந்தப் பிள்ளையிடம்தான் பயிற்சி உண்மையில் பயன்பட்டது.

நான் மாற்றியவை சின்னச் சின்னவை. இடது காது சற்றுத் தேவலை என்பதால் அந்தக் காது என் பக்கம் வருமாறு இரண்டாம் வரிசையில் அமர்த்தினேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் என் முகம் இருட்டாகிவிடும் என்று சிறப்பாசிரியர் சொல்லியிருந்தார். எனவே வெளிச்சம் முகத்தில் விழும்படி எதிர்ச்சுவர் ஓரம் நிற்கிறேன். எழுதிக்கொண்டே பேசும் பழக்கத்தை விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பதினெட்டு ஆண்டுப் பழக்கம் ஆயிற்றே. எழுதி முடித்து, திரும்பி, பிறகு பேச வேண்டும். இப்போது நான் மறந்து பலகையைப் பார்த்துப் பேசினால், “டீச்சர், திரும்புங்க” என்று பிள்ளைகளே குரல் கொடுக்கிறார்கள். சொல்வதை எழுதும்போது சொல்லைத் தனியாகச் சொல்லாமல் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்கிறேன். ‘மணி அடித்தது’ என்றால் அவன் பணி என்று எழுதுவதில்லை.

காதுக்கு மருந்து தொடர்கிறது. அடுத்த பரிசோதனை கோடை விடுமுறையில். அதுவரை சொல்வதை எழுதும் பத்து நிமிடமும், கடகடவென்று சத்தமிடும் எங்கள் மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம். சித்திரை வெயிலில் அது லேசான காரியம் இல்லை. சுவிட்சுப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்தான் அதற்குப் பொறுப்பு; பத்து நிமிடம் முடிந்ததா என்று நொடிக்கொருதரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.